மூன்று மொழிக்கு ஒரு நாற்காலி

மருத்துவமனையின் கணினி அறையில் எனக்கு ஒப்பந்த வேலை. அதே மருத்துவமனையில் என் அம்மா பதினாறு வருடமாகத் தரை துடைக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே வாசல், ஒரே வருகைப் பதிவு இயந்திரம். கழுத்தில் தொங்கும் அட்டையின் கயிறு மட்டும் வேறு நிறம். எங்கள் குடும்பத்தில் நீலக் கயிறு மாட்டிய முதல் ஆள் நான்தான்.

அம்மாவின் இடது முழங்கால் போய்விட்டது. மூன்றாம் மாடி எலும்பு மருத்துவர், குனிந்து செய்யும் வேலையை விட்டுவிடச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். விட்டுவிட்டு எங்கே போய் உட்காருவது என்று எழுத அவருக்குச் சீட்டில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்த வாரம்தான் மொழிக் கவுண்ட்டர் அறிவிப்பு வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது, கட்டு எப்போது பிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரவர் மொழியில் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுக்கிற வேலை. தமிழ், தெலுங்கு, இந்தி. உள்ளே இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். அடுத்த வியாழக்கிழமை தேர்வு. அறுவைச் சிகிச்சை அறிவுரை மொழிக்கு நான்கு வரி, அரை மணி நேரம்.

அம்மாவுக்கு மூன்றும் வரும். வார்டில் நோயாளியோடு தங்குகிறவர்களிடம் பேசிப் பேசி வந்தது. தெலுங்கு எழுத்தை, அவளோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். இந்தி எழுத்தைச் சுவரில் தொங்கும் பலகைகளைத் துடைத்துத் துடைத்தே பழகிக்கொண்டாள். போனில் மூன்றையும் விரலாலேயே எழுதித் தேய்த்துத் தள்ளுவாள். நோயாளி சொல்வது புரியாவிட்டால் பெரிய மருத்துவர்களே, "அந்தம்மாவக் கூப்பிடுங்க" என்பார்கள். அம்மா துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவாள், நோயாளியின் வலியை மொழிபெயர்ப்பாள், திரும்பி வந்து துடைப்பானை எடுப்பாள்.

அந்தக் கவுண்ட்டர் கணினியைத் தயார் செய்வது என் தலையில் விழுந்தது. எங்கள் இயந்திரங்கள் எல்லாம் லினக்ஸ். பல மொழியில் அடிக்க உள்ளீட்டுப் பொதி ஒன்று வேண்டும். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதில் இரண்டு உண்டு; ஐபஸ் போடுவதா, எஃப்சிடிஎக்ஸ் போடுவதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இணையத்தில் ஒருத்தன் இதுதான் சிறந்தது என்பான், அடுத்தவன் வந்து அவன் பரம்பரையையே இழுப்பான். ஒரு பொதி எங்கள் நோயாளிப் பதிவு நிரலில் கடைசி எழுத்தை விழுங்கியது. கடைசியில் மற்றதைப் போட்டேன். அதற்குள்ளே ஒவ்வொரு மொழிக்கும் நாலைந்து விசை அமைப்பு. யோசிக்கவே இல்லை, மூன்றுக்கும் ஒலிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் விழும். கல்லூரியில் நான் அப்படித்தான் அடித்தேன். எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் 'கேபிள்', இனி யாரும் எதையும் மாற்ற முடியாதபடி கடவுச்சொல் போட்டு இயந்திரத்தைப் பூட்டினார். எந்நேரமும் தோளில் ஒயர்ச் சுருளோடு திரிவதால் அவருக்கு அந்தப் பெயர்.

திங்கள்கிழமை சாப்பாட்டு வேளையில் அம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"அம்மான்னு அடிம்மா."

குனிந்து விசைகளைப் பார்த்தாள். "அ எங்கடி இருக்கு?"

"அந்த ஏ இருக்குல்ல, அதான் அ."

"ஏ எது?"

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும். மாத்திரைப் பட்டையில் இருப்பதை ஆறு வயதிலிருந்து நான்தான் அவளுக்கு வாசித்துச் சொல்கிறேன். பொதிகளின் குறை நிறையை நாலு பக்கத்துக்கு எழுதியவளுக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பட்டம் வாங்கி நான் கற்றுக்கொண்ட லட்சணம்.

"இங்கிலீஷ்ல தட்டினாத்தான் தமிழ் வருமா?"

"இதுல அப்படித்தான்."

"நம்ம வீட்டுக்குள்ள போக எதுக்குடி அடுத்த தெருவச் சுத்தணும்? நேர் வழியே கிடையாதா?"

இருந்தது. அதே பட்டியலில் மூன்றாவது வரி, இன்ஸ்கிரிப்ட். ஏதோ பழைய அரசாங்க சமாச்சாரம் என்று நான் தாண்டிப் போனது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். எந்த மொழிக்கு மாற்றினாலும் 'க' ஒரே இடம், 'ப' ஒரே இடம். ஒன்றைக் கற்றால் மூன்றையும் அடிக்கலாம்.

கேபிளிடம் போனேன்.

"பூட்டியாச்சும்மா. கையெழுத்துப் போட்டது நீதான?"

"நான்தான். தப்பாப் போட்டுட்டேன்."

"இப்ப மாத்தினா பரீட்சை எழுதப்போற மத்த மூணு பேரும் என் குடலை உருவிடுவாங்க."

"அவங்களோடது அப்படியே இருக்கட்டும். கூட மூணு வரி சேர்த்தாப் போதும். பொதி ஏற்கெனவே உள்ளதான் கிடக்கு."

"உங்கம்மாவுக்காகன்னு மேல யாராவது போட்டுக் குடுத்தா?"

"யாரும் போட்டுக் குடுக்க வேணாம். நானே எழுதித் தர்றேன், எங்கம்மாவுக்காகன்னு."

அவர் ஒயர்ச் சுருளைக் கீழே இறக்கினார். "எழுத்து கிழுத்தெல்லாம் வேணாம் தாயே. அஞ்சு நிமிஷம். நான் டீ குடிக்கப் போறேன், கடவுச்சொல்லத் தட்டிட்டுப் போறேன்."

கட்டுப் போடும் வெள்ளை டேப்பைப் பொடிப் பொடியாக நறுக்கி, தமிழ் எழுத்தை எழுதி, விசைகளின் மேல் ஒட்டினேன். உடைசலில் கிடந்த இன்னொரு விசைப்பலகைக்கும் ஒட்டி வீட்டுக்கு எடுத்துப் போனோம். எங்கள் வீட்டில் கணினி இல்லை. எதிலும் செருகாத பலகையை மடியில் வைத்துக்கொண்டு, குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அம்மா தட்டினாள். தட்டத் தட்ட வாய் எழுத்தைச் சொல்லும்.

"நான் பாட்டுக்குப் பேசறேன், இது பதிலே சொல்ல மாட்டேங்குது. உங்கப்பா மாதிரியே இருக்கு."

வியாழக்கிழமை நான்கு பேர் எழுதினார்கள். வரவேற்பு மேசைப் பெண் பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டாள்; தெலுங்கு நான்கு வரியும் காலி. மற்ற இருவரும் அப்படியே. மணி அடித்தபோது அம்மா பதினோராவது வரியை முடித்திருந்தாள்.

மேலாளர் திரையை உற்றுப் பார்த்தார். "தெலுங்கு சரியான்னு யாரு சொல்றது?"

அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மாதான். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. கடைசியில் நடைபாதையிலிருந்து ஒரு நோயாளியின் அண்ணனைக் கூட்டி வந்தோம். அவர் திரையைப் படித்தார், படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. தம்பிக்கு வயிற்றுப்போக்கு என்றுதானே சொன்னீர்கள், எதற்கு ஆபரேஷன், எதற்குத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாதான் அவரை உட்கார வைத்துச் சமாதானம் சொன்னாள்.

"வேகம் பத்தாது" என்றார் மேலாளர். "மத்தியானம் ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் கவுண்ட்டர். காலைல பழைய வேலை. முறையா ஆள் போடற வரைக்கும் இப்படி இருக்கட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "சரிங்க சார்" என்றாள்.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். "எல்லாத்துக்கும் சரி போட்டுடுவியா நீ?"

"நான் சரின்னு சொல்லலன்னா நீ பேசியிருப்ப. நீ பேசியிருந்தா ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்திருப்போம்." கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். "அரை நாளுக்கு இந்த முட்டிக்கு லீவு. விடுடி."

எனக்கு விட மனசில்லை. சண்டை போடவும் தெம்பில்லை.

திங்கள்கிழமை இரண்டு மணிக்கு அவள் கவுண்ட்டருக்கு வந்தபோது, காலையில் தரை துடைத்த தண்ணீரில் சீருடைச் சட்டையின் கை நனைந்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ டேப்பையெல்லாம் உரித்துப் போட்டிருந்தார்கள். நான் திட்டிக்கொண்டே வார்டுக்கு ஓடி இன்னொரு சுருள் வாங்கி வந்தேன். அதற்குள் அவள் முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. திரையில் 'மு' வந்து நின்றிருந்தது.

"ழ எங்கடி வெச்ச?" என்றாள், திரும்பாமலே.

"ஷிஃப்ட்ட அமுக்கிட்டு, கீழ் வரிசைல நடுவுல."

தேடினாள். விழுந்தது. முழங்காலை மடக்கக் கூடாது என்று அடித்து முடிக்க இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று; வேறெந்த எழுத்தையும் அவள் கேட்கவில்லை. ஒரு துண்டு டேப்பை மட்டும் கிழித்து, ழ எழுதி, அந்த விசையில் ஒட்டிவிட்டுப் போனேன்.