கம்பியை மட்டும் வெட்டாதீர்கள்

எங்கள் வீடு பதினேழாவது மாடியில் இருக்கிறது. கட்டடம் பன்னிரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும். வேறு ஒருத்தி சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினாலே தெரியும், விண்மணி டவர்ஸ். இருபத்திரண்டு மாடி என்று வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள். போர்டில் நீச்சல்குளம், புல்தரை, அதில் நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. பூந்தமல்லி பக்கம் எந்த வெள்ளைக்காரி வந்து நாயோடு நடக்கப்போகிறாள் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். புல்தரையைப் பார்த்து மயங்கிவிட்டோம்.

என் வீட்டுக்காரர் பாஸ்கரன் ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலை இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று சேர்த்து வைத்த பணத்தை எல்லாம் இதில் போட்டார். போதாததற்கு மகள் சௌம்யாவின் சம்பளத்தின் மேல் வங்கிக் கடன்.

இந்த மாதிரி கட்டடங்களில் மாடி ஏற ஏற விலையும் ஏறும். ஒவ்வொரு மாடிக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்குவார்கள். மூன்றாவது மாடியே போதும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இவர் கேட்கவில்லை.

"அவ்ளோ உயரத்துக்குக் கொசு ஏறாது வனஜா. கூட வேலை பாத்தவர் சொன்னாரு."

ஆவடி கொசு கடித்துக் கடித்தே வயதானவர் இவர். ஆக, கொசுவுக்குப் பயந்து மாடிக்கு மாடி கூடுதல் பணம் கட்டி ஆகாயத்தை வாங்கினோம். இப்போது கள்ளிக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கொசுவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கட்டடம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்ப்போம். எங்களைப் போல வீடு பதிவு செய்தவர்கள் பலர் வருவார்கள். கோயிலுக்குப் போவதுபோல டிபன் பாக்ஸோடு வந்து, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கழுத்து வலியோடு திரும்புவோம். அப்படித்தான் ஹாஜா மொய்தீன் பாயும் ஜுபைதாவும் பழக்கமானார்கள். பாய்க்குப் பூந்தமல்லி பஜாரில் மெத்தைக் கடை. அவர்கள் வீடு பன்னிரண்டாவது மாடி.

"உங்க ஊட்டு பெட்ரூமுக்கு மெத்தை என் பொறுப்பு அண்ணாத்தே. அளவு மட்டும் குடுங்க" என்று பாய் சொல்ல, இவரும் வரைபடத்தைப் பார்த்து அளவை எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு வருவதற்கு முன்னாலேயே மெத்தை தயாராகிவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஒரு மாடிக்கு கான்கிரீட் போடும் நாளில், அந்த மாடிக்காரர்கள் வேலையாட்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். முதல் மாடிக்காரர்கள் பொங்கலும் வடையும் போட்டார்கள். அப்புறம் ஆளாளுக்குப் போட்டி. பாய் தன் முறை வந்தபோது தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்கினார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் தயிர்ப் பச்சடி பரிமாறினேன். ஜுபைதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்க ஊடு வந்துட்ச்சு" என்று அழுதாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஐந்து மாடிதான், அப்புறம் நாம், நான் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அதுதான் கடைசி கான்கிரீட். பண்டிகைக்கு ஊருக்குப் போன பையன்கள் திரும்பி வரவில்லை. பில்டர் முதலில் மழை என்றார், பிறகு மணல் தட்டுப்பாடு என்றார், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் பணத்தை எடுத்து வேறு எங்கோ நிலம் வாங்கி, அதுவும் மாட்டிக்கொண்டு, அவர் வாங்கிய கடனுக்கு வங்கிகள் அவர் கழுத்தைப் பிடிக்க, கம்பெனி திவாலாகிவிட்டது என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். உச்சியில் கிரேன் மட்டும் காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளில் அதன் சொந்தக்காரர்கள் வந்து அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போவது மட்டும் நிற்கவில்லை. வளராத கட்டடத்தை எதற்கு வாரா வாரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "நாம போகலன்னா நம்மள இன்னும் எளக்காரமா எடுத்துப்பாங்க" என்பார் இவர். யார் எடுத்துக்கொள்வார்கள், கட்டடமா?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீடு வாங்கியவர்கள் சங்கத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். கார் நிறுத்த வேண்டிய தரைத்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான்காவது மாடிக்காரர் ஜேம்ஸ்தான் சங்கச் செயலாளர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை, பேச்சு எப்போதும் வழவழவென்று இருக்கும்.

"வக்கீல்கிட்ட பேசிட்டோம். பில்டர் இனிமே கட்டப்போறதில்ல. நாமளே எடுத்துக் கட்டிக்கலாம், கோர்ட் அனுமதிக்கும். ஆனா இருக்கற பணத்துக்கு இருபத்திரண்டு மாடி கனவுல கூட முடியாது. பன்னிரண்டாவது மாடிக்கு மேல ஒரு கூரை போட்டு, அதோட மூடிடலாம்."

அப்போதுதான் பாய் மெதுவாகக் கேட்டார். "அதான் எங்க மாடிக்கு கான்கிரீட் போட்டாச்சே சார்?"

"அது உங்க தரை பாய். பதினோராவது மாடிக்குக் கூரை. உங்களுக்குக் கூரை இனிமேதான் போடணும்."

பாய் பிரியாணி போட்டது பதினோராவது மாடிக்காரர்கள் கூரைக்கு. வீடு வந்துவிட்டது என்று ஜுபைதா அழுத அன்று அவளுக்கு நிற்க ஒரு தரை மட்டும்தான் வந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"மேல இருக்கறவங்களுக்கு இன்னா வழி?" என்று பத்தொன்பதாவது மாடி தினேஷ் எழுந்து கத்தினான். "நாங்கல்லாம் இன்னா, காத்துலயா கீறோம்?"

அதற்கு ஜேம்ஸிடம் பதில் இருந்தது. திவாலான கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். முதலில் வங்கிகள், அப்புறம் இவர்கள், அப்புறம் அவர்கள், வரிசையின் வாலில் நாங்கள். வந்தால் வரும். எப்போது என்று வக்கீலுக்கும் தெரியாது. பிரச்சினை என்னவென்றால், திட்டத்தை இப்படி வெட்டிக் குறுக்க மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். கீழ் மாடிக்காரர்கள் எல்லோரும் போட்டாகிவிட்டது. ஆனாலும் எண்ணிக்கை குறைகிறது. மேலே இருப்பவர்களில் நாலைந்து பேர் போட்டால்தான் ஆகும்.

தங்கள் வீடு வேண்டாம் என்று தாங்களே கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு வழவழவென்று கேட்டார் பாருங்கள்.

பெரிய சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் பாய் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுபைதா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் மகன் தப்ரேஸுக்குப் பெண் பேசி முடித்து, சொந்த வீட்டைக் காட்டினால்தான் நிக்காஹ் என்று பெண் வீட்டில் நிற்கிறார்கள். அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். பாய் கேட்டிருந்தால் நான் முகத்தில் அடித்தமாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்காததுதான் வினையாகப் போயிற்று.

இவர் எழுந்தார்.

"நான் போடறேன் சார். ஒரே ஒரு கண்டிஷன். கூரை போட்டுக்கங்க. கம்பிய மட்டும் வெட்டாதீங்க."

எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய் மொட்டை மாடிகளைப் பாருங்கள். தூணுக்குத் தூண் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனால், பணம் ஏதாவது வந்தால், மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்று விட்டு வைத்திருப்பார்கள். துருப்பிடித்து, வளைந்து, கொடிக் கயிறு கட்டியிருக்கும். மாடி வராது. ஆனாலும் யாரும் வெட்ட மாட்டார்கள். வெட்டினால் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

"கண்டிப்பா சார். எழுதியே வெச்சுக்கறோம்" என்றார் ஜேம்ஸ். இவர் போட்டதைப் பார்த்து இன்னும் சிலர் போட்டார்கள். தினேஷ் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். பாய் இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோவில் ஏறியதுமே நான் ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"போடலன்னா பாய்க்கும் கெடையாது, நமக்கும் கெடையாது. ஒருத்தனுக்காவது வீடு வரட்டுமே."

"அந்த ஒருத்தர் நாமளா இருந்தா இன்னா?"

இவர் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்று இவரை நான் வெறுத்தேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டேன், ஆனால் வெறுத்துக்கொண்டேதான் போட்டேன்.

இரண்டு நாளில் பாய் கடையிலிருந்து குட்டி யானை வண்டியில் மெத்தை வந்து இறங்கியது. பதினேழாவது மாடி பெட்ரூமுக்கு அளவெடுத்தது, கள்ளிக்குப்பம் வீட்டில் எந்த அறையிலும் படுக்கவில்லை. சுவரில் சாய்த்து நிறுத்தினோம். பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. திருப்பி அனுப்ப இவருக்கு மனம் வரவில்லை.

வேலை தொடங்கியது. ஜேம்ஸ் வாட்ஸ்அப்பில் படம் போட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவது மாடிக்குக் கூரை போட்ட அன்று வந்த படத்தை இவர் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். தூணுக்குத் தூண் கம்பி ஆள் உயரத்துக்கு நின்றது. துருப்பிடிக்காமல் இருக்க சிமென்ட் பால் கூடப் பூசியிருந்தார்கள். அந்தப் படத்தை சௌம்யாவுக்கு அனுப்பி, "கம்பி இருக்கு" என்று எழுதினார். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று அனுப்பினாள். அந்த மாதத் தவணையையும் அவள்தான் கட்டினாள். கட்டாத வீட்டுக்குத் தவணை மட்டும் நிற்பதில்லை. இவர் அந்தப் படத்தைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டார். நானும் என்னை மீறி ஒன்றிரண்டு தடவை பார்த்தேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

ஒரு மழைக்காலம் போயிற்று. பாய் புது வீட்டுக்குக் குடிபோக ஃபாத்திஹா ஓதி விருந்து, கட்டாயம் வர வேண்டும் என்று ஜுபைதா போனில் கூப்பிட்டாள். தப்ரேஸுக்கு நிக்காஹ் தேதியும் குறித்தாகிவிட்டதாம். எனக்குப் போக இஷ்டமில்லை. இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், போனேன்.

வீடு நன்றாக இருந்தது. நன்றாக இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஜுபைதா ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். எங்கே போயிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படியேறி மொட்டை மாடிக்குப் போனேன்.

வெள்ளை ஓடு பதித்து, தண்ணீர்த் தொட்டி வைத்து, கொடியில் யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. கம்பி இல்லை. தூண் வரவேண்டிய இடங்களில் தரையோடு தரையாகச் சதுரம் சதுரமாகச் சிமென்ட் பூசியிருந்தது. இவர் ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"அண்ணாத்தே, மழையில கம்பி வழியா தண்ணி எறங்கி ஹால் பூரா ஊத்திட்ச்சு. தப்ரேஸ் ரூம்ல சொவுரே ஊறிப்பூட்ச்சு. இன்னா பூசியும் நிக்கல. வெட்டி மூடுனாதான் நிக்கும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. நான்தான் வெட்ட சொன்னேன். ஜேம்ஸ் சார் மேல தப்பில்ல. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாயி வரல."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் என் வீட்டுக் கூரை ஒழுகியிருந்தால் நானும் வெட்டத்தான் சொல்லியிருப்பேன். ஒரு நாள் கூடப் பொறுத்திருக்க மாட்டேன். அது தெரிந்ததால் பாயைத் திட்டக்கூட முடியவில்லை, அதைவிடக் கொடுமை ஒன்றுமில்லை.

"இப்ப ஒழுகறது நின்னுட்ச்சா பாய்?" என்று கேட்டார் இவர்.

"நின்னுட்ச்சு."

"அப்ப சரி. நீங்க போங்க, வந்தவங்களப் பாருங்க."

பாய் இறங்கிப் போனார். இவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காற்று நன்றாக வந்தது, இவர் இஸ்திரி போட்ட சட்டை படபடத்தது.

"பன்னெண்டாவது மாடிலயே கொசு இல்ல பாத்தியா வனஜா" என்றார்.

இத்தனை நாளும் அழாதவள் அங்கே நின்று அழுதேன். கீழே இலை போட்டாகிவிட்டது என்று ஜுபைதா கூப்பிட்டாள்.