நாலாவது சக்கரத்தில் காற்று

அங்கப்பன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே எனக்குக் கை துறுதுறுத்தது. எட்டு மாதமாக இந்த மனுஷனை எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று கறுவிக்கொண்டிருந்தவள் நான். அவர் வீட்டு மருமகளே போன் செய்து வேலைக்குக் கூப்பிட்டால் விடுவேனா? லோகப்பிரியா உடுமலைப்பேட்டைப் பெண், லீவுக்கு மட்டும் மாமனார் வீட்டுக்கு வருபவள். 'மெர்சி, கார் பிரேக் வேலை வீட்டுக்கே வந்து செய்து தரப்படும்' என்று வாட்சப்பில் சுற்றிய நம்பரை, யாருடையது என்று தெரியாமலே அழைத்திருந்தாள்.

அந்த மெர்சி நான்தான், ராசப்பனின் மகள். அப்பா அங்கப்பனிடம் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்தவர். போன ஆடி மாதம் ஒருநாள் காலை, அங்கப்பனின் கார் வீட்டுக்கு எதிரே இருக்கும் பால் சொசைட்டிச் சுவரில் போய் மோதியது. பால் ஊற்ற வந்த முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கப்பன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து, "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்திருக்கறான் பாருங்க" என்றார். அப்பா ஆயுசில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முந்தின நாள் பிரேக்கைத் தானே பிரித்து மாட்டியதைப் பற்றி அங்கப்பன் மூச்சு விடவில்லை.

அதன்பிறகு அன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் அப்பா வேலை கேட்ட இடத்திலிருந்தெல்லாம் அங்கப்பனுக்கு ஒரு போன் போகும். "தொழில் சுத்தந்தானுங்க, என்ன, குடி ஒண்ணுதான்" என்பார் அவர். அத்தோடு கதை முடிந்தது. சர்ச்சில் பாஸ்டர்கூட அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அன்று வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பிடவே எழுந்திருக்கவில்லை. "கர்த்தர் பாத்துக்குவாரு கண்ணு" என்றார். கர்த்தர் பார்க்கிறபோது பார்க்கட்டும், அதுவரைக்கும் நான் பார்க்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கப்பன் வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீ ராசப்பன் புள்ளையல்லொ?"

"ஆமாங்க சார்."

எங்கள் ஆட்கள் அவரைப் பண்ணாடி, அதாவது எசமான், என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாயில் அது வராது.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லை. நானே பாத்துக்குவேன், நீ போ" என்றார்.

இடுப்பில் குழந்தையோடு லோகப்பிரியா பின்னால் வந்தாள். "எட்டு மாசமா நீங்களேதானுங்க மாமா பாக்கறீங்க. ரெண்டு மிதி மிதிச்சாத்தான் வண்டி நிக்குது. நாளைக்குக் கோத்தகிரி போறதுக்கு இதுல நான் பாப்பாவை ஏத்தமாட்டனுங்க."

அங்கப்பன் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். காருக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதைக் கிளறிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரேக் ஆயிலில் காற்று புகுந்தால் பெடல் சும்மா உள்ளே போகும்; அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, உலகத்தில் என்னென்ன சாமான் உண்டோ அத்தனையும் வாங்கிப் போட்டிருந்தார்.

ஒரு வெறும் டியூபும் பாட்டிலும். சக்கரத்துப் பக்கத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து விட்டுவிட்டால் ஆயில் தானாகச் சொட்டி, காற்றையும் கூட்டிக்கொண்டு வரும் என்பது கணக்கு. அது சோம்பேறி வைத்தியம், அரை நாள் ஆகும். அடுத்தது, ஆயிலை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வு வைத்த டியூப். தனியாளாக வேலை செய்கிறவர்களுக்கு அது மோசமில்லை, வால்வில் தூசி அடைக்காத வரைக்கும். மூன்றாவது, கையால் அமுக்கி உறிஞ்சுகிற வேக்கம் பம்ப். பெட்டியிலேயே விலை அதிகமானது அதுதான், புளுகுவதும் அதுதான். நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சி டியூப் நிறையக் குமிழி காட்டும். உள்ளே இருக்கும் காற்றுதான் வருகிறது என்று நாமும் பொழுது சாயும்வரை அமுக்கிக்கொண்டிருப்போம்.

என்னைக் கேட்டால் பழைய முறைதான். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே உட்கார்ந்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். குமிழி நின்றால் வேலை முடிந்தது. சாமான் தேவையில்லை, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்கிற இரண்டு பேர் போதும். அப்பாவைத் துரத்திவிட்ட பிறகு அங்கப்பனுக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. அதனால்தான் இத்தனை சாமான்.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். பார்த்ததும் உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம். சக்கரத்து டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் நிப்பிள் மேலே இருக்க வேண்டும், காற்று மேலேதானே ஏறும். இதில் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கத்துக் காலிப்பரை வலது பக்கமும், வலது பக்கத்தை இடது பக்கமும் மாட்டி வைத்திருந்தார் மகானுபாவர். எந்தப் பம்பை வைத்து உறிஞ்சினாலும் ஆயில்தான் வரும், காற்று மேலே குந்திக்கொண்டேயிருக்கும். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தை அப்படியே திருப்பி மாட்டிவிட்டு, "ஆச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். கோத்தகிரியில் இருந்து இறங்கும் வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. குழந்தை தன் பொம்மையைக் காரின் பின்சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்தது. அங்கப்பன் தனியாகப் போவதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதை யாருங்க சார் மாட்டுனது? ரெண்டும் பக்கம் மாறிக் கெடக்குது. அன்னிக்கு எங்கப்பா மிதிச்சப்பப் பெடல் உள்ள போனது இதனாலதான்."

லோகப்பிரியா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கப்பனின் குரல் சட்டென்று இறங்கியது. "மெதுவாப் பேசு அம்மணி. ஆனது ஆயிப்போச்சு. சரி பண்ணிக் குடுத்துரு."

"பண்றனுங்க. நீங்க எதுத்தாப்புல சொசைட்டில வந்து இதைச் சொல்லோணும்."

"அதெல்லாம் ஆவாது" என்றார்.

ஆகாதா, சரி. காலிப்பர் இரண்டையும் பக்கம் மாற்றி நானே மாட்டினேன். பிறகு அப்பாவுக்குப் போன் செய்தேன். இங்கே வர அவருக்கு மனசே இல்லை, நான் அழாத குறையாகக் கெஞ்சியதால் வந்தார். ஞாயிற்றுக்கிழமை போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பெடல் மிதிக்க நெதானம் தெரிஞ்ச ஆள் வேணுமுங்க. டேங்குல ஆயில் குறையாம நான் பாத்துக்கோணும். நிப்பிளுக்கு நீங்க உக்காருங்க சார்" என்று ஸ்பேனரை நீட்டினேன்.

அவர் ஸ்பேனரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். லோகப்பிரியா குழந்தையைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டாள். அங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். அப்பா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா மேலேயும் அவர் கீழேயும் இருந்தது அதுதான் முதல்முறை. எனக்கு இதுவே போதும் என்றிருந்தது.

பின்சக்கரம் இரண்டும் சீக்கிரம் முடிந்தன. முன்னால் இடது பக்கத்தில் காற்று கொப்பளித்துக்கொண்டு வந்து நின்றது. கடைசியாக முன்னால் வலது பக்கம், டிரைவர் கதவுக்குப் பக்கத்திலேயே. கதவு திறந்திருந்தது. அப்பா குனிந்தால் அங்கப்பனின் வழுக்கைதான் தெரியும்.

"மிதிச்சுட்டனுங்க. திறங்க" என்றார் அப்பா. குமிழி வந்தது. அங்கப்பன் மூடினார், அப்பா பெடலை விட்டு மறுபடியும் மிதித்தார். நாலாவது தடவை டியூபில் ஆயில் தெளிவாக வந்தது, ஐந்தாவதிலும் அப்படியே.

"ஆச்சா?" என்று கேட்டார் அங்கப்பன்.

"இன்னும் காத்து இருக்குதுங்க பண்ணாடி" என்றார் அப்பா.

டியூபைப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் காரின் முன்கண்ணாடி வழியாக எதிரே சொசைட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிய இடத்தில் பூசிய சிமெண்ட் இன்னும் வெள்ளையடிக்காமல் தனியாகத் தெரிந்தது. நான் இரண்டாவது ஆயில் டின்னைத் திறந்தேன்.

பத்தாவது தடவை. பதினைந்தாவது தடவை. அங்கப்பனின் வேட்டியெல்லாம் ஆயில். சாயங்காலப் பால் நேரம் வேறு. கேன் தூக்கி வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தார்கள். அன்று நின்ற அதே ஆட்கள்.

"ஏனுங்க, நீங்களே உக்காந்துட்டீங்க?" என்று கேட்டாள் பழனியாத்தாள்.

அவர் டியூபின் மேல் இன்னும் குனிந்துகொண்டார். அப்பாதான் சீட்டிலிருந்து மரியாதையாகச் சொன்னார். "பெடலு அன்னிக்கு மாதிரியே உள்ள போவுதுங்க. பண்ணாடிதான் சரி பண்ணோணும்."

அங்கப்பன் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ராசப்பா, போதும்டா" என்றார் மெல்ல.

"இருக்குதுங்களே. திறங்க."

திறந்தார். மூடினார். இன்னும் மூன்று தடவை திறந்து மூடினார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கார்க் கதவைப் பிடித்து எழுந்து, கேட் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ராசப்பன் குடிக்கலைங்க. பிரேக்கை நாந்தான் மாத்தி மாட்டிப்போட்டேன்."

"என்னங்க?" என்றாள் பழனியாத்தாள்.

இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னார். யாரோ பால் கேனைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

அப்பா பெடலை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். அது மேலேயே கல்லாட்டம் நின்றது.

"இப்பக் காத்துப் போயிருச்சுங்க" என்றார். காலை எடுத்து, சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, காரைவிட்டு இறங்கினார்.