கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி கையுறை

வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை நாளும் இப்படிப் போகிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு நாளும் பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர் போகிறவர் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, இன்றைக்காவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தாள். கணவர் இழுத்து வந்துவிட்டார். இப்போது கிரிக்கெட் காட்சிக்கூடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

பெட்டிக்குள் ஒரு ஜோடி கையுறை. உலக சாதனை படைத்த அன்று கேப்டன் அணிந்தவை என்றது அட்டை.

"அது என்னோடதுங்க" என்றார் கணவர், நாலாவது தடவையாக.

இந்தக் கதையை இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறாள். கேப்டனின் கையுறை வியர்வையில் ஊறிப் பிடி வழுக்கியது. பன்னிரண்டாவது ஆளாக வெளியே உட்கார்ந்திருந்த இவர், தண்ணீர் பாட்டிலோடு தன் கையுறையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அதைப் போட்டுக்கொண்டுதான் கேப்டன் சாதனையை முறியடித்தார். கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார். தான் வண்டி ஓட்டக் கற்றுத்தரும் டிரைவிங் ஸ்கூலில், கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களிடமும் சொல்லப்போய், இரண்டு பேர் வண்டியைச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். உண்மைதானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

சத்தம் கேட்டுக் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் வந்தாள். சின்னப் பெண், பொறுமைசாலி.

"ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?"

"வலது கை, உள்பக்கம், மணிக்கட்டுப் பட்டையில பேர் இருக்கும். மாறிடக் கூடாதுன்னு எல்லாரும் மையால எழுதி வைப்போம்."

அந்தப் பெண் பெட்டியைத் திறந்து, பட்டையைப் பக்குவமாக மடக்கிப் பார்த்தாள். "ஆமா, இருக்கு. 'குட்டை'ன்னு போட்டிருக்கு. நீங்களா சார்?"

கணவர் குனிந்து பட்டையைப் பார்த்தார். அவர் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம்.

"கூட ஆடினவன்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "என்னோடது கிழிஞ்சிருந்துச்சு... அவன்கிட்ட இரவல் வாங்கித்தான்... ஐயோ, ஆமா. எப்படி மறந்தேன்?"

காவலாளி சிரித்துவிட்டான்.

யாராவது இந்த மனிதர் வாயை அடைக்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! அடைத்தாகிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன சிரிப்பு?" என்று பாய்ந்தாள். "இவரோடது இல்லைன்னா கேப்டனோடதும் இல்லதானே? இவர் கொண்டுபோய்க் குடுக்காம, எந்தப் பட்டையில பேர் இருக்கும்னு இவருக்கு எப்படிம்மா தெரியும்? அட்டையை மாத்துங்க."

"என் கையில இல்லம்மா. நடந்ததை எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். மாத்துவாங்களான்னு சொல்ல முடியாது."

கணவர் தாளை வாங்கிப் பெட்டியின் மேலேயே வைத்து எழுத ஆரம்பித்தார். குட்டை என்று எழுதினார். பேனா நின்றது.

"அவன் நிஜப் பேர் என்ன?"

"என்னைக் கேட்டா? உங்க ஆளுதானே, யோசிங்க!"

பின்னால் கையுறையோடு படம் எடுக்க வந்த கூட்டம் முணுமுணுத்தது. கொஞ்சம் நகருங்க என்று ஒருவர் செல்போனோடு நெருக்கினார். அவள் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டாள்.

"இருங்க. எழுதிட்டிருக்கார்ல?"