புதன்கிழமைக் கிளினிக்

இர்ஷானா வாசலில் குனிந்து செருப்புகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்து கழற்றிவிட்டுப் போனால் அதையும் எடுத்து நேராக வைத்தாள்.

"டீச்சர், ஒரு இடத்தில இரிங்களன்," என்றாள் பக்கத்து வீட்டு றுக்ஷானா.

உட்கார்ந்து இருந்தால் கால் தானாக ஆடியது. அதனால் அவள் இருக்கவில்லை.

உள்ளே அவளுடைய மூத்த சகோதரர் ஹலீம் காக்கா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். கணித ஆசிரியர். நேற்றுக் காலை, வாவிக்கு அப்பால் வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில், வகுப்பறைக் கதிரையிலேயே மௌத்தாகிப் போனார். விடியப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம், பின்னேரம் காத்தான்குடியில் ரியூஷன், அதற்குப் பிறகு விடைத்தாள்கள். பகற்சோறு பெரும்பாலும் பெட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வரும்.

நெஞ்சு இறுக்குது என்று அவர் சொல்லத் தொடங்கியதும் இர்ஷானாதான் அலைந்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். கிளினிக் புதன்கிழமைகளில்.

"புதன்கிழமை எனக்கு ஆறு பாடம் புள்ள. நான் லீவு போட்டா தக்ஷாயினி டீச்சர்தான் என்ட வகுப்பையும் பார்க்கணும். தவண முடியட்டும், போறன்."

"தவண முடிஞ்சா சோதின வரும் காக்கா."

"நீ உன்ட பிரஷர் குளிசைய ஒழுங்காப் போடுறயா? பொறகு எனக்குப் படிப்பிக்க வா."

இருவரும் சிரித்தார்கள். அவளும் கணிதந்தான் படிப்பிக்கிறாள். வகுப்பை விட்டு வெளியே போக நேரம் கிடைக்காதென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே நிற்கப் பழகியவள். அந்தச் சிரிப்புதான் நேற்றிலிருந்து அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

வவுணதீவுப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்திறங்கினார்கள். கூட வந்த தக்ஷாயினி டீச்சர் இர்ஷானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடி நடந்தது டீச்சர்?"

தக்ஷாயினி பஸ்ஸடியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கணக்கு ஒண்டு குடுத்துப்போட்டு ஹலீம் சேர் மேசையில தலைய வெச்சவராம். ஒருநாளும் இருந்து படிப்பிக்காத மனிசன். பாவம், களைச்சுப் போனார், நித்திரை கொள்ளட்டும் எண்டு பிள்ளையள் சத்தமே போடல்ல."

"மணி அடிக்கும் வரைக்குமா?"

"மணி அடிச்சும்தான். அடுத்த பாடத்துக்கு நான் போறன், வாசல்ல மறிச்சு, மெதுவா வாங்க டீச்சர் எண்டுதுகள்."

இர்ஷானா கையை இழுத்துக்கொண்டாள். திரும்பிப் போய், ஏற்கெனவே நேராயிருந்த செருப்புகளை மறுபடியும் நேராக்கினாள்.

ழுஹர் தொழுகைக்கு முன்பே ஜனாஸாவைத் தூக்கினார்கள். ஆண்கள் சந்தூக்குப் பெட்டியின் பின்னால் போக, தெரு நிறைந்து பின் வெறிச்சோடியது. அறைக்குள் ஹலீமின் மனைவி சபீனா சுவரோடு சாய்ந்து பாயில் இருந்தாள். இர்ஷானா யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

அழுது கண் வீங்கிய ஒரு தாய் அவளிடம் வந்தாள். அவளுடைய மகள் ஹலீமின் பின்னேர வகுப்புக்குப் போகிறவள்.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர். இந்த நேரத்தில கேட்கக்கூடாதுதான். சோதின கிட்டிட்டு. புள்ளயள் நடுவழியில நிக்குதுகள். சேர்ட வகுப்ப நீங்க கொஞ்சம் எடுத்தீங்கெண்டா..."

"ஓம்... பார்ப்பம். பின்னேரத்தில..."

வாய் தானாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. மனம் அதற்குள் வாரத்தின் நாட்களைப் புரட்டி, எங்கே இடம் இருக்கிறதென்று தேடியது.

"ஏலா."

காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசாத சபீனாவின் குரல் அது.

"அவக்கு ஏலா. வேற ஆளப் பாருங்க."

அந்தத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகினாள்.

"மச்சி, புள்ளயள் பாவம்..." என்றாள் இர்ஷானா.

"இரிங்க."

சபீனா பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

இர்ஷானா இருந்தாள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தலைத்துணியில் குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வைக்க இடம் தேடியபோது சபீனா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். வெளியே யாரோ கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.