சாப்பாட்டு நேரத்தில் செரிமான வகுப்பு

சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் எங்கள் மேலாளருக்கு ஊழியர்கள் மீது பாசம் பொத்துக்கொண்டு வரும். அன்று செரிமானம் பற்றிப் பேச ஓர் ஊட்டச்சத்து நிபுணரைப் பிடித்து வந்திருந்தார். டப்பாவும் கையுமாகக் கிளம்பிய எங்களைக் கூட்ட அறைக்குள் திருப்பிவிட்டார்.

"எப்படிச் சாப்பிடணும்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. அதுவரைக்கும் யாரும் டப்பாவைத் தொறக்கக் கூடாது."

என் பக்கத்தில் கணக்கர் அண்ணன். சர்க்கரை நோயாளி. சாப்பிடப் போகிறோம் என்று நம்பி அப்போதுதான் இன்சுலின் ஊசி போட்டிருந்தார். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி ஆளையே சாய்த்துவிடும்.

"மேலாளர்கிட்ட சொல்லுங்கண்ணே."

"வேணாம்மா. போன வாரம் லீவு கேட்டதுக்கே எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டாரு."

நிபுணர் திரையில் ஆளுயர வயிற்றைக் காட்டினார். வாயில் எச்சில் ஊறுமாம், இரைப்பையில் அமிலம் சுரக்குமாம். எங்களுக்கும் சுரந்தது, அதற்கு வேலைதான் இல்லை. படத்தில் உணவு சிறுகுடலுக்கு வருவதற்குள், இங்கே பலருக்குச் சிறுகுடலைப் பெருங்குடல் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"சர்க்கரை வெள்ளை விஷம்!" என்றார் நிபுணர். "இன்சுலின் ஒரு சாவி மாதிரி. செல்லோட கதவைத் தொறந்து சர்க்கரையை உள்ள அனுப்பும்."

அண்ணனுக்குள் அந்தச் சாவி மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியது, விரல்கள் நடுங்கின. "என்னண்ணே?" என்றேன். வேறு யாருடைய பெயரையோ சொல்லி என்னைக் கூப்பிட்டார். டப்பாவில் இருப்பது செரித்து ரத்தத்தில் சேர நேரமாகும், இனிப்புதான் உடனே ஏறும்.

எழுந்து கத்தினேன். "இவருக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு! இனிப்பா ஏதாவது குடுங்க, சீக்கிரம்!"

மேலாளர் திருதிருவென விழித்தார். நிகழ்ச்சியின் கௌரவத்துக்காகத் தேநீர் மேசையிலிருந்த சர்க்கரையைக் காலையில் குப்பையில் கொட்டச் சொன்ன புண்ணியவான் அவர்தான்.

நிபுணர் தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார்.

"டீ. கப்புக்கு நாலு ஸ்பூன் போட்டது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் இரண்டு கப் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் தெளிவு வந்தது. என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "சரியாயிடுச்சில்ல? அப்போ பெருங்குடலை மட்டும் முடிச்சிடலாம்."

அண்ணன் டப்பாவை மடியில் வைத்துத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அவர் மேலாளரை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அன்று பார்த்தார்.

"நீங்க முடிங்க சார். நான் சாப்பிடுறேன்."