நான் வெட்டிய வெள்ளை ஓரம்

செவ்வாய்க்கிழமை மாலை என் கணவர் சவரிநாதன் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் ஓர் அட்டையை வெட்டிக்கொடுத்தேன். அவருக்குக் கை நடுங்கும். பிடிக்க முடியும், வெட்ட முடியாது. அவர் சேர்த்தவை குத்துச்சண்டை வீரர்களின் அட்டைகள். அறுபது எழுபது வருடங்களுக்கு முன்பு மிட்டாய்ப் பெட்டிகளின் முதுகில் அச்சாகி வந்தவை. நாம்தான் வெட்டி எடுக்க வேண்டும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம், அதற்கு வெளியே புள்ளிக்கோடு. கோட்டையும் தாண்டித்தான் கத்தி போக வேண்டும். ஓரம் போனால் சேகரிப்பவர்களுக்கு அது வெறும் துண்டு.

வெட்டியதை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஒன் கைய நம்பலாம் எல்ஸி. அந்த சுகுமாரன் மாதிரி இல்ல லா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மழை தூறுகிறது, துணி கிடக்கிறது என்று எழுந்து பின்பக்கம் போனேன். துணிகளை அள்ளிக்கொண்டு திரும்பியபோது அவர் மேசைமேல் கவிழ்ந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

சுகுமாரன் அவருடைய இருபது வருட நண்பர். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். ரப்பர் போய் செம்பனையாகிவிட்ட எஸ்டேட்டுகளில், மூடிக்கிடக்கும் கடைகளில் பழைய பெட்டி கேட்டு ஞாயிறுதோறும் இருவரும் அலைவார்கள். அந்தச் செவ்வாய்க்கு எட்டு மாதங்களுக்கு முன்பு வெட்டாத ஒரு முழுப் பெட்டியோடு வந்து நின்றார்.

"அக்கா, அண்ணே எங்க?"

"கிளினிக் போயிருக்காரு."

"வந்ததும் குடுங்க. இதுல உள்ள பாக்ஸர பன்னெண்டு வருஷமா தேடுறாரு. பாத்தா ஒங்களையே மறந்துருவாரு."

அவர் வருவதற்குள் வெட்டி வைத்து அசத்த நினைத்தேன். ஈப்போவில் ஒரு போட்டோ கடையில் இருபத்தாறு வருடம் பாஸ்போர்ட் படங்களை வெட்டியவள் நான். அங்கே வெள்ளை ஓரம் மிச்சமிருந்தால் முதலாளி திருப்பித் தருவார். அன்று ஸ்கேலைப் பிடிக்க யாருமில்லை, எங்கே வெட்டுவதென்று காட்டவும் யாருமில்லை. கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. நான்கு வெட்டு, மிகச் சுத்தமாக. வெள்ளை ஓரம் நான்கு நூல்களாகச் செய்தித்தாளில் விழுந்தது. அவற்றையும் பெட்டியையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

"யாரு வெட்டுனது?" என்றார் அவர்.

"சுகுமாரன் அப்படியேதான் கொண்டாந்தாரு."

உடனே சுகுமாரனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நாலு பக்கமும் ஓரத்த வழிச்சு எடுத்துட்டியேடா!"

"அண்ணே, சத்தியமா முழுப் பொட்டியாதான் அக்கா கையில குடுத்தேன்."

"அப்ப எல்ஸி பொய் சொல்றாளா?"

"நான் அப்படிச் சொல்லல அண்ணே."

"இனிமே என் வீட்டு வாசல மிதிக்காத."

நான் சமையலறையில் கழுவிய அரிசியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இருந்தார்.

அடக்கத்தன்று சுகுமாரன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். என் மகள் வெண்டி போய், "உள்ள வாங்க அங்கிள்" என்றாள்.

"வேணாம்மா. வரக்கூடாதுன்னு சொல்லிருக்காரு."

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பட்டறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரல் விரலாகக் கையைத் துணியில் துடைத்தார்.

"தெரியும் அக்கா. நாலு பக்கமும் ஓரமில்லன்னு அண்ணே சொன்னப்பவே புரிஞ்சிருச்சு. என் பாஸ்போர்ட் படத்தையும் நீங்கதானே வெட்டுனீங்க."

"ஏன் அவருகிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"கடைசி வரைக்கும் என்னைப் பொய்யன்னுதான் நெனச்சாரா?"

"ஆமா."

அவர் தலையாட்டிவிட்டு, கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் கணவரின் கைபேசியைத் திறந்தேன். தடுத்து வைத்த எண்களின் பட்டியலில் ஒரே எண், சுகுமாரனுடையது. இன்னும் அப்படியே இருக்கிறது.