மாமரத்துக்கு அம்மை

எங்கள் மாமரத்துக்கு அம்மை போட்டுவிட்டது என்று என் அம்மா தாயாரம்மாள் முடிவு கட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

இலையெல்லாம் மிளகு மிளகாகக் கொப்புளம். அம்மா அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டி வேப்பிலை செருகினாள்.

"ஆத்தா எறங்கிக்கினு இருக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் ஊட்ல தாளிக்கக் கூடாது. வெளியாளு வாசப்படி மிதிக்கக் கூடாது."

"மாப்ள ஊட்டுக்காரங்க வர்றாங்களேம்மா?"

"வாய மூடுடி. ஆத்தாகிட்டயா வெளாட்டு?"

மாப்பிள்ளை பூவராகவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பிக் கம்பெனியில் வேலை. பங்குனித் திருவிழாவில் நான் அவரைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். அதற்கப்புறம்தான் அவர் வீட்டில் என் பேச்சை எடுத்தார்கள். இப்போது தள்ளிப்போட்டால் ஆடி வந்துவிடும். ஆவணிக்குள் அவருக்கு வேறு பெண்ணைக் காட்டிவிடுவார்கள்.

அம்மா அப்பாவைக் கவரைப்பேட்டையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் சொல்ல அனுப்பினாள். அப்பா பேச்சில் பெரிய கருமி. "ஊட்ல அம்மை. வரவேணாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"யாருக்குன்னு சொல்லலியா? எனக்குன்னுல்ல நெனச்சிப்பாங்க!" என்று கத்தினேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கோபத்தை யாரிடம் காட்டுவது? மரத்தடிக்குப் போய் ஓர் இலையைப் பறித்து, கொப்புளத்தை ஊக்கால் கீறினேன். உள்ளே மஞ்சளாக ஒரு புழு நெளிந்தது. அடுத்ததிலும் புழு. சில கொப்புளங்களில் ஊசி முனை அளவு ஓட்டை, உள்ளே காலி. ஒரு ஓட்டையிலிருந்து கொசு போல ஒரு பொடி ஈ பாதி வெளியே வந்திருந்தது.

இலையை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாரும்மா, உன் ஆத்தா நெளியறா."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"த்தூ! இந்தப் புழுவுக்கா நான் வெறுஞ்சோறு துன்னுக்கினு கெடந்தேன்?" என்று மஞ்சள் துணியை அவளே அவிழ்த்தாள். "ஓட்ட வுழாத கொப்புளமா பாத்துப் பறி. ஈ கெளம்பறதுக்குள்ள கொளுத்தணும்."

ஞாயிறு காலை இலையைக் குவித்துக்கொண்டிருந்தோம். சைக்கிள் மணி கேட்டது. பூவராகவன், தனியாக. கேரியரில் ஒரு குலை இளநீர். நான் சட்டென்று மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் வேலிக்கு வெளியிலேயே நின்று, தரையைப் பார்த்தபடி அம்மாவிடம் பேசினார்.

"ஊட்ல வேணாம்னுதான் சொன்னாங்க. மனசு கேக்கல அத்தே. மூஞ்சில தழும்பு வுழுந்தாலும் பரவால்ல, ஆளு பொழச்சா போதும்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அதற்குமேல் ஒளிந்து நிற்க முடியவில்லை. இலைக்கூடையோடு வெளியே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"அப்ப யாருக்கு அம்மை?"

"மரத்துக்கு" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவரை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அம்மாவைக் காணோம். அடுப்பங்கரையில் படபடவென்று கடுகு வெடித்தது.

"அங்கியே இன்னா நின்னுக்கினு இருக்கே நைனா? உள்ள வா, நாஷ்டா துன்னுட்டுதான் போவணும்!"